மார்க்வெஸ் முடிச்சாச்சு, அவரைப் பாதிச்சவங்களை எங்கருந்து ஆரம்பிக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸோட தனிமையின் நூறு ஆண்டுகள் நாவல முடிச்சுட்டேன். அடுத்து, அவரைப் பாதிச்ச அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரைப் படின்னு எல்லாரும் சொல்றாங்க, சரியா?

பதில்: இப்ப வேணாம் தம்பி. முதல்ல மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவோட பெட்ரோ பராமோ நாவல். 1955ல வந்த சின்ன புக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை போதும். 1961ல மார்க்வெஸ் மெக்சிகோ சிட்டிக்குக் குடிவந்த புதுசு, அடுத்து எப்படி எழுதறதுன்னே புரியாம திணறிக்கிட்டிருந்த நேரம், நண்பர் ஆல்வரோ மூட்டிஸ்தான் இதைக் கொண்டுவந்து குடுத்தார், ராத்திரியே ரெண்டு தடவ படிச்சப்புறம்தான் மனுஷன் தூங்கினார். கதைல, சாகப்போற அம்மாவுக்குக் குடுத்த வாக்குக்காக ஒருத்தன் அப்பாவத் தேடி கொமாலாங்கற ஊருக்குப் போறான், வழியில கழுதை ஓட்டிட்டு வர்றவன் நானும் பெட்ரோ பராமோ மகன்தான்ங்கறான், கொஞ்ச தூரம் போனதும் அவர் செத்து ரொம்ப வருஷம் ஆச்சேங்கறான். ஊருக்குள்ள போனா பேசறவங்களும் செத்தவங்கதான்.

கேள்வி: சார், ருல்ஃபோ தாக்கம்னு சும்மா சொல்றாங்களா, புக்குல காட்ட முடியுமா?

பதில்: தாராளமா. நூறு ஆண்டுகள் முதல் வரிய எடுங்க. பல வருஷம் கழிச்சு சுடறதுக்கு நிறுத்தி வச்சப்ப கர்னலுக்கு, அப்பா ஐஸ் காட்டக் கூட்டிட்டுப் போன மதியம் ஞாபகம் வரும். பெட்ரோ பராமோல பாதிரியார் ரென்டேரியா, தூக்கம் வராம புரண்ட ஒரு ராத்திரிய பல வருஷம் கழிச்சு நினைச்சுப்பார்னு வரும். அதே அமைப்புதான். ஆனா காப்பி கிடையாது, ருல்ஃபோ போறபோக்குல சொல்லிட்டுப் போயிடறார், மார்க்வெஸ் அதை வச்சு ஒரு வம்சத்தோட காலத்தையே முன்னயும் பின்னயும் ஆட்டறார். இதைக் கண்ணால பாக்கத்தான் ரெண்டையும் அடுத்தடுத்துப் படிக்கணும்ங்கறேன்.

கேள்வி: ஜெர்மன்ல எழுதின காஃப்காவுக்கும் மார்க்வெஸுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டும் வேற வேற உலகமா இருக்கே.

பதில்: உலகம் வேறதான், சொல்ற தொனி ஒண்ணு. 1947ல மார்க்வெஸ் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவுல சட்டம் படிச்சப்ப காஃப்காவோட உருமாற்றம் கதை கைக்கு வந்துச்சு, கிரகோர் சாம்சா பூச்சியா மாறி எழுந்திருக்கிற முதல் வரியிலயே ஆடிப்போயிட்டார். பேய் பிசாசு கதையக்கூட முகம் மாறாம சொன்ன அவர் பாட்டி குரல் அதுல கேட்டுச்சு அவருக்கு. முதல் சிறுகதையும் அதே வருஷம் பேப்பர்ல வந்துடுச்சு.

கேள்வி: ஃபாக்னர் ரெண்டு தடவ பாதில விட்டுட்டேன் அண்ணா 🙏

பதில்: அவரோட ஆஸ் ஐ லே டையிங் நாவல எடுங்க, 1930ல வந்தது. ஒரு அம்மாவோட பிணத்த வண்டியில கொண்டுபோறாங்க, 15 பேர் மாத்தி மாத்தி சொல்றாங்க, யார் பேசறாங்கன்னு தலைப்புலயே பேர் இருக்கும், அதனால தொலைஞ்சு போக மாட்டீங்க. உடனே மார்க்வெஸோட முதல் நாவல் லீஃப் ஸ்டார்ம் படிங்க. ஒரு பிணம், சுத்தி தாத்தா, அம்மா, பையன்னு மூணு குரல். 1982 நோபல் உரையில ஃபாக்னரை என் ஆசான்னு சொன்னது வெறும் மரியாதைக்கு இல்ல.

கேள்வி: ஆங்கில எழுத்தாளர் வர்ஜினியா வுல்ஃபும் அவரைப் பாதிச்சவங்களா?

பதில்: கண்டிப்பா. அவங்களோட மிஸஸ் டாலோவே நாவல் படிங்க. அதுல வர்ற செப்டிமஸ்ங்கற பேரையே தன் பத்திரிகை பத்திக்குப் புனைபெயரா வச்சுக்கிட்டவர் மார்க்வெஸ்.

கேள்வி: கடைசி நாட்கள்ல மார்க்வெஸ், ஜப்பானிய எழுத்தாளர் கவாபட்டாவோட நாவல வச்சு ஒண்ணு எழுதினாராமே, ரெண்டுல எது பெட்டர்?

பதில்: 2004ல வந்த மெமரீஸ் ஆஃப் மை மெலன்கலி ஹோர்ஸ் நாவல், கவாபட்டாவோட தூங்கும் அழகிகளின் இல்லம் வரிகளோடதான் தொடங்கும். எனக்கு கவாபட்டாதான் மேல. அவரோட 67 வயசு எகுச்சி, மயக்கத்துல தூங்கற பொண்ணுங்க பக்கத்துல படுத்து தன் சாவையும் தன் கெட்ட புத்தியையும் பாத்து நடுங்கறான், மார்க்வெஸோட 90 வயசுக் கிழவர் காதல்னு சொல்லி ரொம்ப லேசா தப்பிச்சுடறார்.