கொல்லையில் பின்னி நின்ற பாம்புகள்: இணைசேர்க்கையா, சண்டையா?

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் வயலை ஒட்டி எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். மாலை நாலரை மணிக்குக் கொல்லையில் தவிட்டுக்குருவிகள் ஒரேயடியாகக் கத்தின. போய்ப் பார்த்தால் முருங்கை மரத்தடியில் இரண்டு பெரிய பாம்புகள் பின்னிக்கொண்டு இடுப்பளவு உயரத்துக்கு எழும்பி எழும்பி விழுந்தன. அரை மணி நேரம் நடந்தது. சாரையும் நாகமும் இணைகின்றன, கிட்டே போனால் துரத்தும் என்கிறார் மாமனார். புது வேட்டியை மேலே போட்டு எடுத்து பீரோவில் வைத்தால் நல்லது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டில் நாலு வயதுக் குழந்தையும் நாயும் உண்டு. இனி குட்டி போட்டுப் பெருகிவிடுமா? ஆள் வைத்து அடித்துவிடலாமா?

பதில்: அடிக்க வேண்டாம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைப்பாம்புகளின் மல்லுக்கட்டு. இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணுக்காக ஆண்கள் இப்படி மோதும். உடலை முறுக்கிக்கொண்டு, முன்பாதியைத் தூக்கி, எதிரியின் தலையைத் தரையோடு அழுத்தப் பார்ப்பதுதான் முழுச் சண்டையும். பொதுவாகக் கடித்துக்கொள்வதில்லை. எது தலை தாழ்ந்து தளர்கிறதோ அது நழுவிப் போய்விடும். சில நிமிடங்களிலும் முடியலாம், ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் நீளலாம்.

உண்மையான இணைசேர்க்கை இவ்வளவு ஆரவாரமாக இருக்காது. இரண்டும் பெரும்பாலும் தரையிலேயே கிடக்கும், ஆண் பெண்ணின் மேல் படிந்திருக்கும், வால்பகுதி மட்டும் பிணைந்திருக்கும். அது மணிக்கணக்கில் நீடிக்கும். எழும்பி எழும்பி விழுந்தால் அது சண்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாரை ஆண், நாகம் பெண் என்ற நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த பாம்புகள். சாரையில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நல்ல பாம்பிலும் அப்படியே. ஒன்றோடொன்று கூடிக் குட்டி பிறக்க வழியே இல்லை. சாரைக்கு விஷமும் கிடையாது.

மாமனார் சொன்னதில் ஒரு பாதி சரி, கிட்டே போகத்தான் கூடாது. பாம்பு துரத்துவதில்லை. ஆனால் சண்டையில் மூழ்கியவை சுற்றியிருப்பதைக் கவனிக்காமல் உருண்டு உங்கள் காலடிக்கே வந்துவிடும். அதைத்தான் துரத்தல் என்று நினைக்கிறோம். இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் ஆகியவற்றின் ஆண்களும் இதேபோல மல்லுக்கட்டும். பின்னிக்கொண்டாலே சாரை என்று தைரியமாக நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் வேட்டி போடும் யோசனையும் வேண்டாம். துணி போட வேண்டுமானால் கையெட்டும் தூரத்துக்குப் போயாக வேண்டும். மிரண்ட பாம்பு கடிக்கும்.

ஜன்னல் வழியாகவோ மொட்டைமாடியிலிருந்தோ பார்த்து அடையாளம் காணலாம். சாரையின் கண் பெரிது, உடல் மஞ்சள் கலந்த பழுப்பு. உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள் தெளிவாகத் தெரியும். உடலின் பின்பாதியில் கருமையான வலைப்பின்னல் பட்டைகள் இருக்கும். மிரண்டால் தொண்டையை உப்பி உறுமுவதுபோல் ஒலி எழுப்பும். பலர் இதைப் படமெடுப்பதாக நினைத்து அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். நல்ல பாம்பின் படம் அகலவாக்கில் விரியும், பின்புறம் பெரும்பாலும் மூக்குக்கண்ணாடி வடிவக் குறி இருக்கும். ஆனால் படம் எடுக்கவில்லை என்பதை மட்டும் வைத்து நல்ல பாம்பு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் விஷப்பாம்பு என்றே கொள்ளுங்கள்.

அடுத்த முறை கண்ணில் பட்டால் முதலில் நாயைக் கட்டுங்கள். இத்தகைய நேரத்தில் பாய்ந்து கடிபடுவது பெரும்பாலும் நாய்தான். குழந்தையை உள்ளே வைத்துக் கொல்லைக் கதவைச் சாத்துங்கள், கதவடி இடைவெளியைத் துணி சுருட்டி அடையுங்கள். குறைந்தது 15 அடி தள்ளி நின்று, முடிந்ததும் எந்தப் பக்கம் போகின்றன என்று மட்டும் பாருங்கள். தண்ணீர், மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். எரிச்சலில் பாம்பு எங்கே போய் ஒளியும் என்று சொல்ல முடியாது, அது வீட்டுக்குள்ளாகவும் இருக்கலாம். வயல் பக்கம் போய்விட்டால் வேலை முடிந்தது. வீட்டுக்குள் நுழைந்தாலோ நல்ல பாம்பு என்று தெரிந்தாலோ ஒருவர் தூரத்திலிருந்து கண்காணிக்க, மற்றவர் தீயணைப்புத் துறைக்கு (101) அழைக்க வேண்டும். சாரையும் நல்ல பாம்பும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. அடித்துக் கொல்வது குற்றம்.

பெருகுமா என்ற கவலைக்கு வருவோம். சண்டையிட்ட இரண்டும் ஆண் என்பதால் அவற்றால் முட்டை வராது. அருகில் பெண் ஒன்று இருக்கலாம், அது முட்டையிட்டால் சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வரும். அவை வீட்டைச் சுற்றியே தங்குவதில்லை, இரை தேடிச் சிதறிவிடும். பெரும்பாலானவற்றைக் கீரியும் பருந்தும் தின்றுவிடும். ஆனால் எலி இருக்கும் இடத்துக்கு ஏதாவது ஒரு பாம்பு வந்துகொண்டே இருக்கும். சாரையைக் கொன்றால் எலி பெருகும். எலி பெருகினால் அதே வளைக்கு நல்ல பாம்பு வரும். உங்கள் கொல்லையில் சாரை இருப்பது உங்களுக்கு லாபம்.

எனவே கை வைக்க வேண்டியது எலியில். கோழித் தீவனம், நெல், தவிடு எல்லாம் இறுக்கமான மூடியுள்ள டின்னில் இருக்கட்டும். கொல்லையில் உள்ள எலிவளைகளை உடைத்த செங்கலும் சிமெண்டும் வைத்து அடையுங்கள். அடைப்பதற்கு முன் வளையில் கையை விடக்கூடாது. விஷ உருண்டை வேண்டாம். அதைத் தின்ற எலியைச் சாரையோ ஆந்தையோ தின்றால் அதுவும் சாகலாம். உங்கள் பகுதியிலேயே கிடைக்கும் மூங்கில் கிட்டி (எலிப்பொறி) போதும். விறகையும் தென்னை மட்டையையும் சுவரோடு சேர்த்துக் குவிக்காமல், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பலகை போட்டு அடுக்குங்கள். கதவடி இடைவெளி அரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கும்படி ரப்பர் பட்டை அடியுங்கள். குளியலறை, சமையலறைக் கழிவுநீர்த் துளைகளுக்குக் கம்பிச் சல்லடை கட்டாயம். பூண்டு, கந்தகம், கடையில் விற்கும் பாம்பு விரட்டிப் பொடி ஆகியவற்றை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள்.

காய்கறிப் பாத்திக்கு நைலான் வலை கட்டியிருந்தால் அதைத் தரையோடு சேரவிடாமல் ஒரு சாண் உயர்த்துங்கள், பயன்பாடு முடிந்ததும் சுருட்டி எடுத்துவிடுங்கள். எலியைத் துரத்தி வரும் சாரை அதில் சிக்கி, இழுக்க இழுக்க நைலான் சதையில் இறங்கிச் சாகும். சிக்கியதைக் கண்டால் நீங்களே அறுக்க முயலாமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

யாரையாவது கடித்துவிட்டால், அது சாரைதான் என்று தோன்றினாலும் அரசு மருத்துவமனைக்கு உடனே போங்கள். 108-ஐ அழைக்கலாம். கொலுசு, மோதிரம், வளையலைக் கழற்றுங்கள், வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கை காலை ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். கயிறு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. எது கடித்தது என்று தெரியாவிட்டாலும் அறிகுறிகளைப் பார்த்து மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்.