அப்பாவுக்கு ஸ்டென்ட், அமெரிக்காவில் 12 நாள் கார் பயணம்: ஏஜென்ட் தரும் பாலிசி போதுமா?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் அப்பாவும் அம்மாவும் விசிட்டர் விசாவில் வருகிறார்கள். எல்லோருமாகக் காரில் கிராண்ட் கேன்யன், யூட்டா வழியாக யெல்லோஸ்டோன் வரை 12 நாள் போய்வரத் திட்டம். அப்பாவுக்கு வயது 68. சர்க்கரை, பிபி இருக்கிறது, நான்கு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மாவுக்குத் தைராய்டு மட்டும்தான். ஊரில் விசா வேலை பார்த்த ஏஜென்டே ஒரு பாலிசியும் தருகிறார். "ஒரு லட்சம் டாலர் கவர், மெடிக்கல் டெஸ்ட் வேண்டாம், பழைய வியாதியும் சேர்த்தி" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் சொன்ன மூன்றிலும் ஒவ்வொரு பொறி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் நாளை வேறு யார் விற்க வந்தாலும் நீங்களே மடக்கிவிடுவீர்கள்.

முதலில் அந்த ஒரு லட்சம் டாலர். விசிட்டர் இன்ஷூரன்ஸில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஃபிக்ஸட் பெனிஃபிட்: டாக்டரைப் பார்த்தால் இவ்வளவு, படுக்கைக்கு நாளுக்கு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உச்சவரம்பு. பிரீமியம் குறைவு, ஏஜென்டுக்கு விற்பது சுலபம். அறைக்கு நாளுக்கு 1,500 டாலர் என்று எழுதியிருந்து, மருத்துவமனை 10,000 போட்டால் மீதி 8,500 உங்கள் தலையில். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் ஒரு லட்சத்தை எட்டவே முடியாது. இன்னொன்று காம்ப்ரிஹென்சிவ்: டிடக்டிபிள், அதாவது முதலில் உங்கள் பங்காகக் குறித்திருக்கும் தொகையை நீங்கள் கட்டியபின், மொத்த பில்லில் பெரும்பகுதியைக் கம்பெனி ஏற்கும். ஸ்டென்ட் வைத்த 68 வயதுக்காரருக்கு இரண்டாவதுதான். பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

இந்தியாவிலேயே எடுக்கும் பாலிசி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். "உலகம் முழுவதும், அமெரிக்கா, கனடா நீங்கலாக" என்று சிலவற்றில் ஒரு வரி இருக்கும். அந்த பாலிசியை அமெரிக்கா போகிறவர் கையில் கொடுத்து அனுப்புகிற ஏஜென்டுகளும் இருக்கிறார்கள். "விசாவுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம்" என்று அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். அது ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குத்தான்; அமெரிக்க விசிட்டர் விசாவுக்கு அப்படி விதி இல்லை.

அடுத்தது, மெடிக்கல் டெஸ்ட் வேண்டாம் என்பது. இதை ஒரு சலுகை மாதிரி விற்கிறார்கள். பாலிசி விற்கும்போது கேள்வி கேட்காத கம்பெனி, க்ளெய்ம் வரும்போது எல்லாவற்றையும் கேட்கும். ஊரில் பார்த்த டாக்டரின் சீட்டு, ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய எக்கோ ரிப்போர்ட் எல்லாம் வேண்டும் என்று கடிதம் வரும். அவை பீரோவில் இருந்தால் யார் போய் எடுப்பது? புறப்படும் முன்பே எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையை மறைக்கச் சொல்கிற ஏஜென்டிடம் பேச்சே வேண்டாம்.

இப்போது பழைய வியாதி. உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை எல்லாமே இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்த பாலிசிகள் பொதுவாக ஏற்கெனவே இருக்கும் நோயை ஏற்பதில்லை. சர்க்கரை மாத்திரை, வழக்கமான செக்கப், மெல்ல மெல்லக் கூடிவரும் மூச்சுத்திணறல் எதுவும் கிடையாது. நல்ல காம்ப்ரிஹென்சிவ் திட்டங்களில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதன் பெயர் அக்யூட் ஆன்செட். பழைய நோய் முன்னறிவிப்பே இல்லாமல் திடீரென்று முற்றி, உடனே வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை வந்தால் கொடுப்பார்கள். பெரும்பாலான பாலிசிகளில் கூடவே ஒரு நிபந்தனையும் இருக்கும்: தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும்.

க்ளெய்ம் காகிதங்களைப் படிப்பதே என் வேலை. நம் அப்பாக்களின் க்ளெய்ம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகிறது. யூட்டாவில் ஒரு மோட்டலில் ராத்திரி நெஞ்சு பிசைகிறது. "வாயுதான், ஓமத்தண்ணி போதும்" என்று படுத்துவிடுகிறார். மறுநாள் பிள்ளைகளின் பயணம் கெடக்கூடாதே என்று வாய் திறப்பதில்லை. அதற்கு மறுநாள் காலையில் தாங்க முடியாமல் எமர்ஜென்சிக்குப் போகிறார்கள். நர்ஸ் எப்போது தொடங்கியது என்று கேட்க, மகன் "கொஞ்ச நாளாகவே" என்று மொழிபெயர்க்கிறார். அது அப்படியே ரெக்கார்டில் ஏறுகிறது. 24 மணி நேரமும் போச்சு, திடீரென்று வந்தது என்பதும் போச்சு.

ஆகவே புறப்படும் முன்பே அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். நெஞ்சில், தோளில், தாடையில் எது வந்தாலும் நடுராத்திரி என்றாலும் எழுப்புங்கள் என்று சொல்லுங்கள். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து, டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 911-ஐ அழைக்கத் தயங்கவே வேண்டாம். பணம் இல்லை என்று எமர்ஜென்சியில் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1986-லேயே சட்டம் இருக்கிறது. பில் பிறகு வரட்டும், உயிர் முதலில்.

உங்கள் பாதையையும் மனதில் வையுங்கள். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டி உயரம். யெல்லோஸ்டோன் அதைவிட உயரம். இதய நோயாளி என்பதால் கார்டியாலஜிஸ்ட்டிடம் இந்த உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டே டிக்கெட் போடுங்கள். இரண்டு பூங்காக்களுக்குள்ளும் கிளினிக்தான் உண்டு. கிராண்ட் கேன்யனிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு ஃபிளாக்ஸ்டாஃப் வரை ஒன்றரை மணி நேரம். ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போகவும் நேரலாம். அந்தச் செலவுக்கு, பழைய நோய் என்றால், 25,000 டாலர் மாதிரி தனி வரம்பு வைத்திருக்கும் பாலிசிகள் உண்டு. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். யெல்லோஸ்டோனில் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. பாலிசி எண்ணைத் தாளில் எழுதி அப்பா சட்டைப்பையில் வையுங்கள்.

மாத்திரையை முழுப் பயணத்துக்கும் கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள், பாதியைத் தனிப் பையில் வையுங்கள். நம்மூரில் சர்வசாதாரணமாக எழுதித் தரும் வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், கிளிக்லசைடு எதுவும் அமெரிக்கக் கடைகளில் கிடைக்காது. சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் அங்குள்ள டாக்டருக்குப் புரியாது, மருந்தின் பெயரையே எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுகிறார் என்றால் அரிசோனா வெயிலில் நிறுத்திய காரில் அதை விட்டுப் போகாதீர்கள்.

மருத்துவமனை கவுன்டரில் ஒரு கட்டுக் காகிதம் நீட்டுவார்கள். பணத்துக்கு நானே பொறுப்பு என்று ஒப்புக்கொள்ளும் படிவமும் அதில் கலந்திருக்கும். பதற்றத்தில் எல்லாவற்றிலும் மகன் கையெழுத்துப் போட்டுவிடுவதுதான் வழக்கம். படிக்காமல் போடாதீர்கள், படிக்க நேரம் கேளுங்கள், தருவார்கள். அன்றைக்கே கிரெடிட் கார்டைத் தேய்க்கவும் வேண்டாம். ஐட்டம் வாரியாக பில் கேளுங்கள், லாப நோக்கமில்லாத மருத்துவமனை என்றால் நிதியுதவித் திட்டத்தையும் கேளுங்கள். அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். எதிர்பாராமல் தலையில் விழும் அதிர்ச்சி பில்களைத் தடுக்க 2022-ல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை மட்டும் அதில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏறுகிறவர் அதைப் பேரம் பேசியா ஏறுகிறார்? இத்தனை வருடமாக இதைச் சரிசெய்யாமல் இருப்பது பொறுக்க முடியாத அநியாயம்.

சரி, ஏஜென்டிடம் என்ன சொல்வது? ஒரு பக்கச் சான்றிதழ் வேண்டாம், முழு பாலிசி வாசகத்தை பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அக்யூட் ஆன்செட் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, 68 வயதுக்கு அதன் வரம்பு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பல திட்டங்களில் 70-ஐத் தாண்டினால் அந்த வரம்பு மளமளவென்று இறங்கிவிடும். வயதைக் கூட்டிக் குறைத்து எழுதினால் பாலிசியே செல்லாது. "போனில் சொல்கிறேன்" என்றால் அங்கே வாங்க வேண்டாம். வேறிடத்தில், விமானம் ஏறும் நாளிலிருந்து திரும்பும் நாள் வரை சேர்த்து எடுத்துவிடுங்கள். 12 நாளுக்கு மட்டும் எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். டல்லாஸில் உங்கள் வீட்டில் இருக்கும்போதும் நெஞ்சு வலிக்கலாம்.