இரண்டு சாக்குக் காகிதம்

அன்புள்ள ஐயா,

ரோஜா முத்தையா நூலகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் ஊரிலும் ஊர் வரலாற்றுச் சேகரம் ஒன்று தொடங்கியிருக்கிறோம். நூலகத்தில் ஓர் அலமாரி கொடுத்தார்கள். வீடு வீடாகக் கேட்டதில் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கணக்கு நோட்டு என்று இரண்டு சாக்கு சேர்ந்துவிட்டது. ஒன்றைப் பிரித்துக் கொட்டிவிட்டோம். இன்னொன்று கட்டியபடியே கிடக்கிறது. பாதித் தாள்களில் ஆங்கிலத் தேதியே இல்லை. சில தொட்டால் ஒடிகின்றன. எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாமா? முத்தையா எப்படித்தான் சேர்த்தார்?

அன்புடன்,
ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

லேமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. காகிதத்தில் இருக்கும் அமிலம் உள்ளேயே நின்று அரித்துக்கொண்டிருக்கும். செலோ டேப்பும் ஆகாது. சில வருடங்களில் பசை பழுப்பாகி எழுத்துக்குள் இறங்கிவிடும், டேப் மட்டும் கழன்று விழும். பழைய பைண்டர்கள் பூச்சிக்குப் பயந்து பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அதிலுள்ள செம்பு பிறகு காகிதத்தையே ஒடிய வைக்கும். ஒடிகிற தாளை மடிக்காமல், அமிலமில்லாத தாளுறையில் படுக்கையாக வையுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். அலமாரியின் அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும், முதுகு சுவரைத் தொட வேண்டாம். இராமபாணப் பூச்சி தென்பட்டால் அந்தக் காகிதக் கட்டைப் பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் வெளியில் கிடந்து குளிர் விட்ட பிறகு திறந்தால்தான் தாளில் ஈரம் கோக்காது. புகைப்படங்களை மட்டும் ஃப்ரீசர் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

முத்தையா கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950 வாக்கில் சேர்க்கத் தொடங்கினார். 1992இல் அவர் மறைந்தபோது சுமார் 1,00,000 உருப்படிகள் இருந்தன. மறு ஆண்டே சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. ஆனால் காகிதம் கப்பலேறவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகமானது. மொத்தமாக என்பதைக் கவனியுங்கள். அரிய புத்தகங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போட்டிருந்தால் நாடக நோட்டீஸும் கருமாதிப் பத்திரிகையும் நமக்குக் கிடைத்திருக்காது. அச்சாகும் புத்தகம் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு படி போக வேண்டும் என்று 1954இல் சட்டமே வந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. உங்களைப் போல யாராவது எடுத்து வைத்தால்தான் உண்டு.

இனி தேதிக்கு வருவோம். பெரும்பாலும் தப்பு நடக்கிற இடம் இது. பத்திரிகையில் ‘விகாரி வருடம் தை மாதம்’ என்றிருக்கிறது என்று வையுங்கள். அட்டவணையைப் பார்த்து விகாரி என்றால் 1959 என்று எழுதிவிடுவார்கள். தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது; விகாரியின் தை 1960 ஜனவரியில்தான் வரும். அது 1900ஆகவும் இருக்கலாம், 2020ஆகவும் இருக்கலாம், 60 வருடச் சுழற்சி ஆயிற்றே. அதற்குத்தான் கிழமை. தேதி, கிழமை, நட்சத்திரம் மூன்றையும் பழைய பஞ்சாங்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு வருடம்தான் பொருந்தும்.

நோட்டீஸுக்கு வேறு தடயங்கள் உண்டு. டிக்கெட் விலை அணாவில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘ந.பை.’ (நயா பைசா) என்றால் அதிலிருந்து 1964 வரை. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன்னால் போகாது. ‘தமிழ்நாடு அரசு’ என்றிருந்தால் 1969க்குப் பிந்தையது. துதிக்கை வைத்த பழைய ‘லை’யைப் பார்த்ததும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். சின்ன அச்சகங்கள் பழைய எழுத்து தேயும் வரை அதையேதான் கோத்துக்கொண்டிருந்தன. மறுபுறம், பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் 1935லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது. சுயமரியாதைக் கல்யாணப் பத்திரிகையில் புதிய ‘லை’ இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஊகித்த வருடத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, எதை வைத்து ஊகித்தீர்கள் என்று பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள்.

வருடத்தைப் பிறகு யாரும் கண்டுபிடித்துவிடலாம். எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே நாடக நோட்டீஸ் வட்டிக்கடை வீட்டில் இருந்ததற்கும் வாத்தியார் வீட்டில் இருந்ததற்கும் அர்த்தம் வேறு. அதனால் இரட்டைப் படி என்று எதையும் கழிக்காதீர்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பதிவேடு போடுங்கள்: வரிசை எண், வந்த நாள், கொடுத்தவர், எந்த வீடு, வீட்டில் எங்கே இருந்தது, எந்தக் காகிதக் கட்டுக்குள் இருந்தது, நன்கொடையா இரவலா. இரவலுக்குத் திருப்பித் தரும் தேதியும் கையெழுத்தும் அவசியம், பல சேகரங்கள் சண்டையில் முடிவது இங்கேதான். பிறகு அதே எண்ணை ஒவ்வொரு தாளின் பின்பக்க மூலையிலும் 2பி பென்சிலால் மெல்ல எழுதுங்கள், பால்பாயிண்ட் வேண்டாம். ஸ்கேன் எடுத்தால் 300 டிபிஐக்குக் (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல், புகைப்படத்துக்கு 600. கோப்புக்கும் அதே எண்ணே பெயர்.

கொட்டிய சாக்கில் கலந்தது கலந்ததுதான். கொடுத்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அடையாளம் தெரிகிறவற்றை மட்டும் பிரித்துக் குறியுங்கள், மீதிக்கு ‘வீடு தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். இரண்டாவது சாக்கை இப்போதைக்கு அவிழ்க்க வேண்டாம். அதைக் கட்டிக் கொடுத்தவர் பக்கத்தில் இருக்கும்போது அவிழுங்கள்.