சுரங்க இயந்திரம் நசுக்கிய மரணமும் ‘அவர் நின்ற இடம் தவறு’ என்ற வாதமும்

கேள்வி: என் கணவர் (வயது 35) ஜார்க்கண்டில் ஒரு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்ததாரர் மூலம் வேலை பார்த்தார். 2025 ஜூனில், நிலக்கரி வெட்டும் இயந்திரத்தின் கேபிளை இழுத்துப் பிடித்திருந்தபோது, திரும்பிய இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கி இறந்தார். “நிற்கக்கூடாத இடத்தில் நின்றார்” என்கிறார்கள். ஒப்பந்ததாரர் 3 லட்சம் தருவதாகவும், முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடும்படியும் கேட்கிறார். கொழுந்தனாரும் அங்குதான் வேலை செய்கிறார். நான் என்ன செய்வது? – வாசகி, உசிலம்பட்டி

பதில்: சகோதரி, அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருந்தாலும், மரணம் அதற்கு முன்பே நிகழ்ந்ததால் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே உங்களுக்குப் பொருந்தும். மரண இழப்பீட்டை, அச்சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் இழப்பீட்டு ஆணையரிடம்தான் முதலாளி செலுத்த வேண்டும் என்கிறது அதன் 8ஆம் பிரிவு. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் எந்த ஒப்பந்தமும் 17ஆம் பிரிவின்படி செல்லாது.

அவர் நின்ற இடத்தைப் பற்றிய வாதம் என்னை மிகவும் வருத்துகிறது. தொழிலாளி பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்று நிரூபித்தாலும், மரணம் நேர்ந்துவிட்ட வழக்கில் அதைச் சொல்லி முதலாளி தப்பிக்க 3ஆம் பிரிவு இடம் தருவதில்லை. மேலும், குறுகிய சுரங்கப்பாதையில் இயந்திரத்தின் முன்பகுதி ஒருபுறம் திரும்பும்போது பின்பகுதி மறுபுறச் சுவரை நோக்கி வீசும் என்பதை அறிந்தவர்கள், கேபிள் பிடிப்பவரை அந்த இடைவெளிக்குள் அனுப்பியிருக்கவே கூடாது. ஆள் நெருங்கினால் தானாக நின்றுவிடும் உணர்கருவியை இவ்வகை இயந்திரங்களில் பொருத்த வேண்டும் என்று அமெரிக்கா 2015லேயே விதி செய்தது. ஆகவே இதைத் தடுக்க முடியாத விபத்து என்று யாரும் சொல்ல முடியாது.

சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் இழப்பீட்டுக் கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதில் பாதியை 35 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கு எண்ணான 197.06ஆல் பெருக்கினால் 14,77,950 ரூபாய் வரும். ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 சதவீத வட்டியும், தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையெனில் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் சுரங்க உரிமையாளரும் 12ஆம் பிரிவின்படி பொறுப்பாவார். மரணத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மதுரை ஆணையரிடமே மனு செய்யலாம். ஜார்க்கண்ட் வரை அலைய வேண்டியதில்லை.

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு, தன்பாத்தில் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் விசாரணை அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அங்கேயே வேலை செய்யும் உங்கள் கொழுந்தனார், கேபிள் பிடிப்பவர் எங்கே நிற்க வேண்டும், ஆள் அருகில் இருக்கும்போது இயந்திரத்தை நகர்த்த யார் அனுமதி தருகிறார்கள் என்பதை நிர்வாகத்திடம் இந்த வாரமே எழுத்தில் கேட்டு, நகலை அதே இயக்குநரகத்துக்கு அனுப்பட்டும்.