பழைய காரின் இன்ஜினுக்குள் படிந்திருக்கும் வார்னிஷையும் கசடையும் எப்படி எடுப்பது? ஃப்ளஷ் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் பழுப்பாகத் தெரிகிறது. மெக்கானிக் ஃப்ளஷ் (உள்ளே கழுவும் திரவம்) ஊற்றிக் கழுவிவிடலாம் என்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். நான் பழைய வண்டிகளையே வாங்கி ஓட்டிப் பழகியவன். உள்ளே இருப்பது எந்த வகைப் படிவு என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, எட்டுகிற இடத்தை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். உலோகம் தேன் நிறத்திலோ பழுப்பாகவோ இருந்து, துணியில் ஒன்றும் ஒட்டாவிட்டால் அது வார்னிஷ். சூட்டில் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டு, மெல்லிய படலமாக உலோகத்தில் இறுகிப் போனது. வால்வு கவருக்குள் (இன்ஜினின் மேல் மூடிக்குள்) தெரியும் இந்த நிறத்தால் இன்ஜினுக்குக் கேடில்லை. அது கட்டியாகப் பெயர்ந்து எதையும் அடைப்பதும் இல்லை. பார்க்கப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக அதை உரித்தெடுக்க மெனக்கெட வேண்டாம்.

துணியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று அள்ளிக்கொண்டு வந்தால் அது ஸ்லட்ஜ், அதாவது கசடு. பயப்பட வேண்டியது இதற்குத்தான். மூடியின் அடியில் மட்டும் வெளிர் நிறத்தில் நுரைத்திருந்தால், பெரும்பாலும் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் தேங்கும் ஈரம்தான் காரணம். கூடவே கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் (இன்ஜினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) சோதித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ஃப்ளஷை நான் தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் ஸ்ட்ரெய்னர். ஆயில் பம்ப், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கிறது. ஃப்ளஷ் என்பது பெரும்பாலும் மெல்லிய கரைப்பான். ஆண்டுக்கணக்கில் இறுகிய கசடு பத்து நிமிடத்தில் முழுதாகக் கரைந்துவிடாது. அடிப்பிடிப்பு இளகிக் கட்டிகட்டியாகப் பெயரும். பெயர்ந்தது சம்பில் விழுந்து, வலையில் போய் அப்பிக்கொள்ளும். ஆயில் ஃபில்டர் இருக்கிறதே என்பார்கள். ஃபில்டர் இருப்பது பம்புக்குப் பிறகு, வலை இருப்பது பம்புக்கு முன்னால். வலை அடைத்தால் பம்புக்கே ஆயில் வராது. பேரிங்கும் கேம்ஷாஃப்டும் காய்ந்து தேயும். ஃபில்டரும் முழுக் காவல் இல்லை. அது அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை இன்ஜினுக்குள் விட்டுவிடும். ஆயில் இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு ஆயிலோடு ஓடுவது மேல் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள்.

மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஓட்டுவதும் இதே கதைதான், இன்னும் மோசம். ஆயிலின் பிடிப்பு மெலிந்து உலோகமும் உலோகமும் நேராக உரசும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான ஏடிஎஃப் ஆயிலை ஊற்றினால் நன்றாகக் கழுவும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. உண்மையில் இன்ஜின் ஆயிலில் இருக்கும் அளவுக்கு அழுக்கு நீக்கும் சேர்மங்கள் அதில் கிடையாது.

கசடை எடுக்கும் வேலையை நல்ல ஆயிலே செய்யும், பொறுமையாகச் செய்யும். அதில் டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட் என்று இருவகைச் சேர்மங்கள் உண்டு. முதல் வகை உலோகத்தில் அழுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொண்டு, ஒட்டியதையும் சிறுகச் சிறுக இளக்கும். இரண்டாவது வகை அந்தத் துகள்கள் ஒன்றுசேர்ந்து திரளாமல் ஆயிலிலேயே மிதக்க வைக்கும். மிதப்பதை நாம் வடித்து வெளியேற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆகவே, வண்டியின் கையேட்டில் சொன்ன பிசுக்குமையில் (விஸ்காசிட்டி), ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரக் குறியீடு) அல்லது அதற்குப் பிந்தைய தரத்தில் ஆயில் வாங்குங்கள். கையேடு வேறு தரம் கேட்டால் அதுவே. இன்ஜின் சூடாக இருக்கும்போது பழையதை வடியுங்கள். முதல் சில முறை 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள். வடியும் ஆயில் கறுப்பாக வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டி, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கரித்துகள் குறைந்துகொண்டே வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். உலோகச் சிலும்பு மின்னினால் அது வேறு நோய், மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியது.

துணியில் கசடு கனமாக வந்திருந்தால் இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் சம்பைக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் தேங்கியதைக் கையால் வழித்து, வலையையும் சுத்தம் செய்து, புது கேஸ்கெட்டோடு மாட்டுவது ஒரு பகல் வேலை. எந்த பாட்டில் மருந்தையும்விட இதற்கே காசு செலவழிப்பேன். வால்வு கவரையும் திறந்து, பெயர்வதைத் துடைத்தெடுத்துவிட்டால் இன்னும் நல்லது. கட்டிகள் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கசடு ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கலாம். சூடு பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. ஓயாமல் சூடாகிற இன்ஜினில் இது சீக்கிரம் நடக்கும். இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்துக்கொண்டாலும் பிஸ்டனைத் தாண்டி வரும் புகையும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே கலக்கும். சிறிய பாகம்தான், தயங்காமல் புதிதாகப் போடுங்கள். கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தால் இன்ஜின் சூடேறாது, ஈரம் ஆவியாகாது. அப்போதும் கசடு திரும்பத் திரும்ப வரும்.

வண்டி ஆயில் குடிக்கிறதா என்றும் கவனியுங்கள். பிஸ்டனைச் சுற்றி ஆயிலை வழித்துவிடும் ஆயில் கன்ட்ரோல் ரிங் கரியால் சிக்கியிருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் சோதனை) நன்றாக வந்தாலும் இந்த ரிங் சிக்கியிருக்க முடியும் என்பதால் டிப்ஸ்டிக் அளவைத்தான் நம்ப வேண்டும். ஸ்பார்க் பிளக் துளை வழியாக கிளீனரை விட்டு ஊறவைக்கும் முறை சில வண்டிகளில் பலன் தருகிறது. ஊறியபின், பிளக்குகளை மாட்டாமலே இன்ஜினைச் சுழற்றி மீதித் திரவத்தை வெளியே தள்ள வேண்டும். இல்லாவிட்டால், திரவம் அமுங்காது என்பதால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். முடிந்ததும் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வில் படியும் கரிக்கு ஆயில் மாற்றுவது தீர்வாகாது. போர்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை வால்வுக்கு முன்னால் தெளிப்பது) வண்டி என்றால், பாலிஈதர் அமீன் உள்ள கிளீனரைப் பெட்ரோலில் கலந்து ஓட்டலாம். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் அந்த வால்வைத் தொடுவதே இல்லை. காற்று போகும் மேனிஃபோல்டைக் கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டுத்தூளைப் பீச்சியடித்துத்தான் எடுக்க வேண்டும்.

முதல் ஆயில் மாற்றத்துக்கு முன்பும் பின்பும், இன்ஜின் சூடான நிலையில் ஆயில் பிரஷரை கேஜ் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்பு எடுத்த அளவு குறைந்தாலோ, ஓட்டும்போது ஆயில் விளக்கு ஒருமுறை மின்னினாலோ, உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். வலை அடைத்திருக்க வாய்ப்புண்டு. சம்பைக் கழற்றிப் பார்க்கும்வரை திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டாம், வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.