சாவிக்குக் கை போவது ஏன்?

அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) காட்டியும் ஏற்காமல் போலீஸ்காரர் சாவியை உருவிக்கொண்டார் என்கிறீர்கள். ஆவண விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம்தான்: மத்திய மோட்டார் வாகன விதி 139-இல் 2018-இல் வந்த திருத்தப்படி மின்னணு ஆவணம் செல்லும். ஆனால் கேலரியில் இருக்கும் போட்டோ எடுபடாது. பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. ஆப்பைத் திறந்தே காட்டுங்கள். நெட் கிடைக்காத இடத்துக்கு அசல் லைசென்ஸ் பர்ஸில் இருக்கட்டும்.

போலீஸ்காரர் கை காட்டியதும் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் 'இவன் பறந்துவிடுவான்' என்றுதான் அவருக்குத் தோன்றும். கை சாவிக்குப் போவது அதனால்தான். நீங்களே ஆஃப் செய்து, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு "வணக்கம் சார், என்ன விஷயம்?" என்று கேளுங்கள். அபராதம் தவறு என்றால் ரோட்டில் மல்லுக்கட்டாமல் இ-சலானை வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம்.