ஹாட் ராட் காரில் பிரேக் பெடலும் மாஸ்டர் சிலிண்டரும் நாமே பொருத்தலாமா?

பொருத்தலாம். பழைய காரில் பலமான எஞ்சின் ஏற்றிய என் ஹாட் ராடில் நான் பொருத்தியிருக்கிறேன், இரண்டு தடவை. முதல் தடவை செய்தது தப்பு, அதனால் இரண்டு.

பூஸ்டர் (கால் அழுத்தத்தைப் பெருக்கும் கருவி) கிடையாது, மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை) காரின் தரைக்கு அடியில் வைக்கப் போகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் என் கார் மாதிரியே இடமில்லாத பழைய ஃபோர்டு பாடி, நீங்களும் அமெரிக்காவில்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். (ஊரில், அதாவது இந்தியாவில் என்றால் கதையே வேறு. வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டு வெல்டிங் மெஷினைத் தொடுங்கள்.)

நான் இருப்பது மிச்சிகன், டெட்ராய்ட் பக்கம். வண்டி 1931 மாடல் ஏ கூப், உள்ளே ஷெவர்லே 350 வி8, முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். மாடல் ஏ-வுக்கு ஹைட்ராலிக் பிரேக்கே (ஆயில் அழுத்தத்தில் பிடிப்பது) கிடையாது, பெடலை மிதித்தால் கம்பிதான் இழுக்கும், ஃபோர்டு ஹைட்ராலிக்குக்கு மாறியதே 1939 மாடலில்தான். 40 குதிரைத்திறன் வண்டிக்கு அது போதும். வி8-ஐ ஏற்றிவிட்டு அதை நம்ப முடியாது.

நான் செய்த முட்டாள்தனம் இதுதான். பழைய பார்ட்ஸ் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று, பவர் பிரேக் வண்டியிலிருந்து கழற்றிய மாஸ்டர் சிலிண்டரை வாங்கினேன். உள்விட்டம் ஒன்றே அரைக்கால் (1 1/8) இஞ்ச். பெடல், 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்ற ஒரு செட்டில் வந்தது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்றால் எதற்கும் பொருந்தாது என்று அர்த்தம், அது எனக்கு அப்போது தெரியாது. பெடல் சுழலும் அச்சான பிவட்டிலிருந்து மிதிக்கிற இடம் 12 இஞ்ச் தூரம், சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராட் மாட்டுகிற ஓட்டை 3 இஞ்ச் தூரம், ஆக ரேஷியோ 4. வீட்டு வாசல் சரிவில் முதல் தடவை இறக்கினேன். பெடல் கருங்கல் மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. இரண்டு காலையும் வைத்து ஏறி மிதித்தேன், கடைசியில் எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டிதான் நிறுத்தியது. நல்லவேளை, தொட்டிதான்.

கணக்கை அப்புறம்தான் போட்டேன், வெல்டு வைப்பதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டியது. காலால் 100 பவுண்டு அழுத்தினால் ரேஷியோ 4-இல் 400 பவுண்டு. ஒன்றே அரைக்கால் இஞ்ச் பிஸ்டனின் பரப்பு கிட்டத்தட்ட 1 சதுர இஞ்ச், ஆக 400 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு 400 பவுண்டு). டிஸ்க்குக்கு அது பத்தவே பத்தாது. ஓட்டையை பிவட்டிலிருந்து 2 இஞ்சுக்கு மாற்றி ரேஷியோவை 6 ஆக்கி, 1 இஞ்ச் சிலிண்டர் போட்டதும் அதே 100 பவுண்டுக்கு சுமார் 760. மாடல் ஏ எடை குறைவு, எனக்கு அது சரியாக இருந்தது. ரேஷியோ 7 வேண்டும், உள்விட்டம் முக்கால் போதும் என்று கீழே யாராவது வந்து சண்டை போடுவார்கள். சிலிண்டர் சின்னதானால் பெடல் அதிக தூரம் இறங்கும், உங்கள் தரைக்கு அடியில் அந்தத் தூரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவர்கள் பேச்சைக் கேளுங்கள். நான் மெக்கானிக் இல்லை, ஆபீசில் எக்ஸெல் பார்க்கிறவன், ஆனால் இந்தக் கணக்கில் தப்பு இல்லை.

இன்னொன்று. பவர் பிரேக் (பூஸ்டர் உள்ள) சிலிண்டர் பலதில், புஷ் ராட் நுழைகிற பிஸ்டன் குழி ஆழமில்லாமல் இருக்கும். பூஸ்டர் இல்லாமல் மாட்டினால் புஷ் ராட் நழுவி விழுந்துவிடலாம். விழுந்தால் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வாங்கும்போதே ஆழக் குழியா என்று பாருங்கள்.

சரி, எல்லாம் மாற்றி, பிரேக் லைனில் சிக்கிய ஏர் எடுக்க மனைவியை உட்கார வைத்தேன். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு "மிதி, பிடி, விடு" என்று கத்த, நான் விடச் சொல்வதற்கு முன்னாலேயே அவள் விட, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. மாஸ்டர் சிலிண்டரை மாட்டும் முன்பே வைஸில் பிடித்து ஏர் எடுத்திருந்தால் பாதி வேலை மிச்சம், பாதி சண்டையும்.

மூன்று மைல் ஓட்டினேன். முன் சக்கரத்தில் கருகிய வாசனை, நாலாவது மைலில் வீல் ஜாம். பக்கத்து வீட்டுப் பெரியவர், பிளாண்டில் மெஷினிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், குனிந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தை: ஃப்ரீ ப்ளே, அதாவது பெடலில் இருக்க வேண்டிய சும்மா ஆட்டம். புஷ் ராட் பிஸ்டனை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் ஆயில் டேங்குக்குத் திரும்புகிற குட்டி ஓட்டை மூடியே கிடந்தது, சூடாகி விரிந்த ஆயிலுக்குப் போக வழியில்லை, அது பேடைத்தான் அழுத்தும். அங்கே விட வேண்டிய இடைவெளி ஒரு மாகாணி இஞ்ச். தாத்தா கீழ்வாய் (பின்ன) வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது சிரித்திருக்கிறேன், அதே பதினாறில் ஒன்று மிச்சிகன் ரோட்டில் என்னை நடுவழியில் நிறுத்தியது. ரேஷியோ 6-க்கு அது பெடலில் காலும் அரைக்காலும், அதாவது 3/8 இஞ்ச் ஆட்டமாகத் தெரியும். அந்த ஆட்டம் இருந்தே ஆக வேண்டும்.

தரைக்கு அடியில் வைத்தால் காலிபரை (டிஸ்க்கைப் பிடிக்கிற கவ்வி) விட சிலிண்டர் தாழ்ந்து போகும், ஆயில் திரும்பி வடியும். அதற்கு, லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரெசிடுவல் வால்வு: டிஸ்க் பக்கம் 2 பிஎஸ்ஐ, டிரம் பக்கம் 10. மாற்றிப் போட்டால் டிஸ்க் பிடித்துக்கொண்டே ஓடும். சைலன்சர் பைப் பக்கத்தில் போனால் நடுவில் ஒரு தகடு வையுங்கள். லைனுக்கு செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம், ஸ்டீல் குழாய், டபுள் ஃபிளேர் (நுனியை இரட்டையாக மடித்து விரித்தது).

இவ்வளவும் செய்து ஆகஸ்டில் வுட்வர்ட் கார் அணிவகுப்புக்கு ஓட்டிப்போய் வந்தால், எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம், வாசலில் 'ஓடாத வண்டி' நிற்கிறதாம். ஓடாத வண்டியாம்! மூன்றாவது வீட்டுக்காரர் படகு அக்டோபரிலிருந்து மே வரை நீல தார்பாலினில் நிற்கிறது, அதற்குக் கடிதம் கிடையாது. படகு தரையில் ஓடுமா என்று பதில் எழுதினேன், இன்னும் வரவில்லை.

உங்கள் பெடலின் இரண்டு அளவையும் கீழே போடுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அளக்க அடியில் படுக்கும்போது ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டு வைத்துவிட்டுப் படுங்கள்.